வாசகர் கேள்வி – பதில்: நெல்லூருக்கு வடக்கே பாப்டிஸ்ட் சபைகள்

தமிழக – ஆந்திர எல்லைப் பகுதியில் வாழும் தமிழ் வாசகர்களிடமிருந்து, அங்குள்ள பாப்டிஸ்ட் சபைகளின் வரலாற்றைப் பற்றி அண்மையில் தொடர்ந்து கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள் என்பதால் இந்த இதழில் அவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரிலும் நாயுடுப்பேட்டையிலும் பழைய தேவாலயம் என்றால் அது லுத்தரன் கோயில்தான். நெல்லூரைத் தாண்டினால் பாப்டிஸ்ட் சபைகளாகவே இருக்கின்றன. சித்தூர்ப் பக்கம் போனால் சி.எஸ்.ஐ. இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் இப்படிப் பிரிந்து கிடப்பதற்குக் காரணம் என்ன?
– ஒரு வாசகர், சூலூர்பேட்டை

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் சங்கங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட எல்லைப் பங்கீடுதான் காரணம். ஒரு சங்கம் வேரூன்றிய தாலுகாவுக்குள் மற்றொன்று பொதுவாக நுழைவதில்லை. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரியான சாமுவேல் டே 1836இல் விசாகப்பட்டினத்தில் வந்திறங்கி, மறு ஆண்டு சென்னைக்கு வந்து, 1840இல் நெல்லூரில் குடியேறினார். உங்கள் ஊரில் 1860களில் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த மிலியஸ் பணியைத் தொடங்கினார்; அந்த மிஷன் நாயுடுப்பேட்டை, காளத்தி, திருப்பதி, புத்தூர் என்று பரவியது. முதல் உலகப் போரின் விளைவாக ஜெர்மானியர்கள் வெளியேற நேர்ந்தபோது அமெரிக்க லுத்தரன்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். இன்றைய தென் ஆந்திர லுத்தரன் சபை அதன் வழிவந்ததே. சித்தூரும் மதனப்பள்ளியும் ஸ்கட்டர் குடும்பத்தார் 1853இல் நிறுவிய ஆற்காடு மிஷனின் பகுதிகள். அவை பின்னர் தென்னிந்தியத் திருச்சபைக்குள் (சி.எஸ்.ஐ.) வந்தன. குண்டூரில் 1842 முதலே வேறொரு லுத்தரன் மிஷன் இருந்தது. காக்கிநாடாவில் 1874 முதல் கனடா நாட்டு பாப்டிஸ்டுகள் இருந்தார்கள்.

ஆகவே உங்கள் தாத்தா எந்தச் சபையில் சேர்ந்தார் என்பதை அவருடைய இறையியல் தீர்மானித்தது என்பதைவிட, அவர் குடியிருந்த தாலுகா தீர்மானித்தது என்பதே பெரும்பாலும் உண்மை. இதன் விளைவைக் கல்யாணப் பேச்சில்தான் நன்றாகப் பார்க்கலாம். நாயுடுப்பேட்டை லுத்தரன் கோயிலில் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற பெண், நெல்லூர் பாப்டிஸ்ட் குடும்பத்துக்கு மருமகளாகப் போகும்போது, மறுபடியும் தண்ணீரில் மூழ்கி எழவேண்டும் என்று சபையார் சொல்லக்கூடும். பெண் வீட்டார் அதை அவமதிப்பாகக் கருதக்கூடும். விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிடக்கூடிய வயதில், முழுக்கு முறையில் பெறுவதே ஞானஸ்நானம் என்பது பாப்டிஸ்டுகளின் அடிப்படைக் கொள்கை. அதை விட்டுக்கொடுத்தால் அவர்கள் தனிச் சபையாக இருப்பதற்கே காரணம் இராது.

கேள்வி: ஓங்கோல் சபை எட்டுப் பேருடன் தொடங்கியது என்று எங்கள் போதகர் அடிக்கடி சொல்கிறார். நெல்லூருக்கு மிஷனெரி வந்து இருபத்தேழு ஆண்டுகள் கழித்தும் எட்டுப் பேர்தானா? அதற்குள் மிஷனை ஏன் மூடவில்லை?
– ஒரு வாசகி, நெல்லூர்

பதில்: மூடத்தான் நினைத்தார்கள். பலன் இல்லாத இந்த நிலையத்தைக் கைவிடலாமா என்ற பேச்சு அமெரிக்கத் தலைமையில் 1848, 1853, 1862 என மூன்று முறை எழுந்தது. 1853இல் ஆல்பனி நகரில் நடந்த கூட்டத்தில் இது விவாதிக்கப்பட்டபோது, வரைபடத்தில் ஒற்றை நட்சத்திரமாகத் தெரிந்த நெல்லூரைப் பற்றி எஸ். எஃப். ஸ்மித் எழுதிய கவிதை கேட்டவர்களை அசைத்தது. அதனால் மிஷனுக்கே ‘ஒற்றை நட்சத்திரம்’ என்ற பெயர் நிலைத்தது. கவிதை நல்லதுதான். ஆனால் நிலையத்தைத் தாங்கிப் பிடித்தவர்களைத் தேடுபவர் ஆல்பனிக்குப் போகவேண்டியதில்லை. 1854 ஜனவரி முதல் நாள் விடியற்காலையில் ஓங்கோல் குன்றின்மேல் ஏறி ஜெபித்த ஐந்து பேரில் மிஷனெரி லைமன் ஜூவெட்டும் அவர் மனைவியும் இருவர். மற்ற மூவர் நரசு, ஜூலியா, ரூத் என்ற நம் நாட்டவர்கள். ‘ஜெபக் குன்று’ என்று ஊர் இன்றும் காட்டும் இடத்தைப் பற்றிப் பேசும்போது முதல் இரு பெயர்களோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம்.

எட்டுப் பேர் என்பது சரி. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி ஜான் கிளஃப் 1866இல் ஓங்கோலுக்குக் குடிவந்தார். 1867 ஜனவரி முதல் நாள் எட்டு உறுப்பினர்களுடன் சபை அமைக்கப்பட்டது. அதே மாதத்தில், ஓங்கோலுக்கு மேற்கே சுமார் 40 மைல் தொலைவிலுள்ள தாள்ளகொண்டபாடு என்ற கிராமத்தில் 28 பேர் ஒரே நேரத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அங்கு அதற்கு முன் மிஷனெரி எவரும் தங்கிப் பிரசங்கம் செய்யவில்லை. எர்ரகுண்ட்ல பெரையா என்ற மாதிகர் (தோல் தொழில் செய்த, தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட தெலுங்குச் சாதியினர்) ஒருவர் தோல் வியாபாரத்துக்காக வடக்கே ஏலூர்ப் பக்கம் போய்வந்தவர்; அங்கே சுவிசேஷத்தைக் கேட்டு, தாமாகவே விசாரித்துத் தேடி, 1866இல் ஞானஸ்நானம் பெற்று, ஊருக்குத் திரும்பித் தம் உறவினர்களிடம் சொன்னார். அவர் ஏற்கெனவே தம் மக்களிடையே யோக மரபில் ஆன்மிக வழிகாட்டியாக மதிக்கப்பட்டவர் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்; அவர் சொன்னதைக் கேட்கும் பழக்கம் அந்த மக்களுக்கு முன்பே இருந்தது. தோல் வாங்க ஊர் ஊராகப் போகும் பாதையும், பெண் கொடுத்து எடுத்த உறவும் எந்தெந்தக் கிராமங்களை இணைத்தனவோ, அந்தக் கிராமங்களில்தான் சபைகளும் முதலில் முளைத்தன.

இந்த இடத்தில் ஒரு தேர்வும் நடந்தது. ஓங்கோலில் தொடக்கத்தில் சில பிராமணர்கள் கிளஃபிடம் ஆர்வமாக வந்துகொண்டிருந்தார்கள். மாதிகர்களைச் சேர்த்தால் தாங்கள் வரமாட்டோம் என்று சொன்னார்கள். கிளஃப் தயங்கினார். அவரும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியே வேதத்தைத் திறந்தபோது இருவர் கண்ணிலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரம், உலகத்தில் எளியவர்களைத் தேவன் தெரிந்துகொண்டார் என்னும் பகுதி, பட்டதாக அவர் பின்னாளில் எழுதினார். தற்செயலா, அழைப்பா என்பது வாசகரின் நம்பிக்கையைப் பொறுத்தது. மாதிகர்கள் சேர்க்கப்பட்டார்கள், பிராமணர்கள் வருவதை நிறுத்தினார்கள். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அந்தச் சபைகளின் முகம் அன்று முடிவானது.

கேள்வி: 1878இல் ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்பது நம்பக்கூடியதா? பஞ்ச காலத்தில் கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று என் நண்பர் வாதிடுகிறார்.
– ஒரு வாசகர், தடா

பதில்: எண்ணிக்கை நம்பக்கூடியதே. 1878 ஜூலை 3ஆம் தேதி, ஓங்கோலுக்கு வடக்கே குண்டலகம்மா ஆற்றங்கரையிலுள்ள வெல்லம்பள்ளியில் அது நடந்தது. ஆறு இந்தியப் போதகர்கள் இருவர் இருவராக முறைவைத்து ஆற்றில் நின்றார்கள். கிளஃப் தாமே யாருக்கும் அன்று ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. இருவர் சேர்ந்து மணிக்கு இருநூற்றைம்பது பேர் என்று கணக்கிட்டால் ஒன்பது மணி நேரத்தில் முடியும் வேலை. அந்த ஆண்டின் இறுதிக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 9,606 பேர்.

உங்கள் நண்பரின் வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தேதிகள் அவருக்குச் சாதகமாக இல்லை. 1876–78 பஞ்சத்தில் சென்னை அரசு நிவாரண வேலையாகப் பக்கிங்ஹாம் கால்வாயின் சில பகுதிகளை வெட்டியது. புலிக்காட் ஏரியை ஒட்டி உங்கள் ஊர்ப் பக்கமும் ஓடும் அதே கால்வாய்தான். நில அளவைப் பயிற்சி பெற்றிருந்த கிளஃப் அதில் மூன்றரை மைல் நீளத்தை ஒப்பந்தமாக எடுத்தார். மாதிகர்களை வேலைத்தளங்களில் மேற்பார்வையாளர்கள் இழிவாக நடத்துவார்கள் என்பதால், தம் போதகர்களையே மேற்பார்வையாளர்களாக வைத்தார். பகலில் மண் சுமந்தவர்கள் இரவில் போதகர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஆனால் ஓராண்டுக்கும் மேலாக அவர் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கூலிக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. நிவாரணப் பணம் தீர்ந்து, கொடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிய பிறகும் வந்து நின்ற கூட்டம்தான் அந்த ஜூலைக் கூட்டம்.

இங்கே நான் உங்கள் நண்பருக்குப் பாதி வழி விட்டுக்கொடுக்கிறேன். பட்டினியில் துணை நின்றவர்கள்மேல் மக்களுக்கு ஏற்பட்ட நம்பிக்கை அந்த முடிவில் கலந்திராது என்று எவரும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டியதில்லை. அதேபோல் அதற்குக் கொடுத்த விலையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சேர விரும்பிய மாதிகர்களிடம் மூன்று நிபந்தனைகள் வைக்கப்பட்டன: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது, செத்த மாட்டிறைச்சி உண்ணக்கூடாது, விக்கிரகங்களை வணங்கக்கூடாது. கேட்பதற்கு இவை வெறும் ஒழுக்க விதிகளாகத் தோன்றும். ஆனால் ஊர்த் திருவிழாவில் பறை அடிப்பதும் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் மாதிகர்களின் கட்டாயக் கடமைகளாக இருந்த காலத்தில், இவற்றுக்கு இணங்குவது கிராம அதிகாரத்தோடு நேருக்கு நேர் மோதுவதாகும். அந்தக் கடமைகளைச் செய்ய மறுத்தவர்களுக்குக் கிணறும் கூலியும் மறுக்கப்பட்டன. ஒரு வேளைக் கஞ்சிக்காக மட்டும் வந்தவர் இவ்வளவு நீண்ட பகையை விலைக்கு வாங்கியிருப்பாரா என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 1947இல் இத்தனை சபைகள் ஒன்றுசேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோது பாப்டிஸ்டுகள் மட்டும் ஏன் விலகி நின்றார்கள்? தமிழ்நாட்டில் பாப்டிஸ்டுகளே கிடையாதா?
– ஒரு வாசகர், சித்தூர்

பதில்: பாப்டிஸ்டுகள் மட்டும் அல்ல, லுத்தரன்களும் சேரவில்லை. பேராயர் ஆட்சியும் குழந்தை ஞானஸ்நானமும் உள்ள அமைப்பில், ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன்னைத் தானே ஆளும் என்ற கொள்கையுடையவர்கள் இணைவது கடினம். தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகள் 1962இல் நெல்லூரைத் தலைமையிடமாகக் கொண்டு தங்களுக்கென ஒரு சமாவேசத்தை, அதாவது சபைகளின் கூட்டமைப்பை, அமைத்துக்கொண்டன. வடஇந்தியாவில் 1970இல் ஏற்பட்ட ஒன்றிப்பில் பாப்டிஸ்டுகளில் ஒரு பகுதியினர் சேர்ந்ததையும் குறிப்பிடவேண்டும். முயன்றால் வழி உண்டு என்பதற்கு அது சான்று.

தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் பழைய சேலம் மாவட்டப் பகுதிகளில் பணியாற்றியது; கொல்லிமலையில் உழைத்து 1929இல் அங்கேயே இறந்த ஜெஸ்ஸி பிராண்ட் அந்த மிஷனைச் சேர்ந்தவர். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட் அவருடைய மகன்.

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காவலியில் இருக்கிறது. எங்கள் சிறிய சபையின் ஆண்டு விழா மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எதை வைத்து எழுதுவது? எதைத் தவிர்ப்பது?
– ஒரு வாசகி, காவலி

பதில்: மலர்களில் வழக்கமாக வருவது, மிஷனெரிகளின் படங்களும் போதகர்களின் பட்டியலும் ஆலயம் கட்டிய செலவும்தான். அவை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். முதலில் உங்கள் சபையின் கூட்டக் குறிப்பேட்டைத் தேடுங்கள். பாப்டிஸ்ட் முறையில் புதியவரைச் சேர்ப்பது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது, போதகரை அழைப்பது எல்லாம் உறுப்பினர் கூட்டத்தின் முடிவுக்கு உட்பட்டவை என்பதால், நன்றாக எழுதப்பட்ட குறிப்பேட்டில் ஊரே இருக்கும். அடுத்தது ஞானஸ்நானப் பதிவேடும், வெளியூர்ச் சபைகளிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மாற்றுக் கடிதங்களும். யார் எந்த ஊரிலிருந்து, எந்த வேலைக்காகக் காவலிக்கு வந்தார்கள் என்பதை இவை சொல்லும். உங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் தெலுங்குச் சபைக்குள் வந்த கதையும் அங்கேதான் கிடைக்கும். கல்லறைத் தோட்டத்தின் கற்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனின் பழைய ஆண்டறிக்கைகள் நிலையவாரியாக அச்சிடப்பட்டவை. பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கையெழுத்துக் கடிதங்கள் வேண்டுமென்றால் அட்லாண்டாவிலுள்ள அமெரிக்க பாப்டிஸ்ட் வரலாற்றுச் சங்கத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம்.

உங்கள் ஊருக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. மலர்க்குழுவினர் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள், நீங்கள் தவிர்க்காதீர்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் எருகலர் என்ற பழங்குடியினரை அடைத்துவைத்த குடியேற்றம் ஒன்று காவலியில் இருந்தது. அதை நடத்தும் பொறுப்பை அரசு அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனிடம் ஒப்படைத்திருந்தது. பள்ளியும் மருத்துவமும் கைத்தொழிலும் கொடுத்தது உண்மை. அனுமதியில்லாமல் வெளியே போக முடியாத மக்களுக்கு அவற்றைக் கொடுத்தது என்பதும் உண்மை. அவர்களின் தாய்மொழி தமிழோடு நெருங்கிய உறவுடையது என்பதால், அந்தக் குடும்பங்களின் முதியவர்களோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பு தெலுங்கு மட்டும் அறிந்தவரைவிட உங்களுக்கு அதிகம். அறிக்கைகளில் மிஷனெரியின் குரல் மட்டுமே இருக்கும். மறுபக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது.

தவிர்க்கவேண்டியது ஒன்று உண்டு. பழைய உறுப்பினர் பட்டியலைக் குடும்பப் பெயர்களோடு அப்படியே அச்சிடாதீர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராக மாறிய பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். ஆந்திராவில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோரில் ‘சி’ பிரிவுதான். இதனால் சான்றிதழில் ஒன்றும் சபைப் பதிவேட்டில் ஒன்றுமாக வாழும் குடும்பங்கள் பல. உங்கள் மலரின் ஒரு பக்கம் நாளை ஒரு விசாரணையில் யாருக்காவது எதிராக நீட்டப்படலாம். இன்று உயிரோடு இருப்பவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் பற்றி எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அந்தந்த வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டு, அச்சுப்படியையும் காட்டி, சம்மதித்தவர்களின் பெயரை மட்டும் சேருங்கள். மற்றவர்களைப் பற்றி ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டால் போதும்.