படகை ஊதியபடி ஏற்றாதீர்கள்: பெட்டி டிரெய்லரை முகாம் வண்டியாக்கும் வழி

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் வசிக்கிறேன். சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவர் பாத்திரம் ஏற்றப் பயன்படுத்திய 6 அடிக்கு 4 அடி பெட்டி டிரெய்லரை வாங்கியிருக்கிறேன். இழுப்பது பொலேரோ. ஒன்பது அடி ரப்பர் படகுகள் இரண்டு, 5 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று, ஆறு பேருக்கான கூடாரங்கள், அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேன் எல்லாம் இதில் போக வேண்டும். பெட்டியின் மேல் ஐந்தடி உயரத்துக்குக் கூண்டு வெல்டிங் செய்து, படகுகளை ஊதியபடியே கவிழ்த்துக் கட்டிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா? இரவில் டிரெய்லருக்குள் இருவர் படுக்க முடியுமா?

பதில்: கூண்டு வேண்டாம். முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதே பணத்துக்கு அவரிடம் வாங்கிக்கொள்ள வேறு வேலைகள் இருக்கின்றன.

ஒன்பது அடிப் படகை ஊதினால் அதன் அகலம் ஏறக்குறைய ஐந்தடி வரும். உங்கள் பெட்டி நான்கடி அகலம், ஆறடி நீளம். படகு இரு பக்கமும் அரையடி பிதுங்கி, பின்னால் மூன்றடி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டைக் கட்டினால் பொலேரோவின் கூரைக்கும் மேலே ஒரு காற்றுத் தடுப்பு எழும்பிவிடும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி உங்களைக் கடக்கும்போது அதன் காற்று முதலில் வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். எடை குறைவாகவும் பரப்பு அதிகமாகவும் உள்ள பொருளை உயரத்தில் கட்டிக்கொண்டு அந்தச் சாலையில் போவதைப் பட்டறைக்காரர் யோசித்திருக்க மாட்டார்; அவர் யோசித்தது இரும்பை மட்டும்.

அடுத்தது வெயில். படகின் பக்கக் குழாய்களில் காற்றழுத்தம் பொதுவாகக் கால் ‘பார்’ அளவுதான் (வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்). விடியற்காலை 25 டிகிரியில் ஊதிக் கட்டுகிறீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அடர்நிற ரப்பருக்குள் இருக்கும் காற்று 55 டிகிரியை எட்டுவது பெரிய காரியமல்ல. அந்த 30 டிகிரி, குழாய்க்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்குதான் கூட்டும். ஆனால் மொத்த அழுத்தத்தில் பெரும்பகுதி வெளிக்காற்றினுடையது. அதைக் கழித்துப் பார்த்தால் குழாயின் தையலும் பசையும் தாங்க வேண்டிய அழுத்தம் 0.25 பாரிலிருந்து 0.37 பாருக்குப் போயிருக்கும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிரியக் காத்திருக்கும் பழைய ஒட்டு பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வருவதற்குள் பிரிந்துவிடும். கரையில் ஊதி வைத்த படகுக்கும் இதே கணக்குதான்: நண்பகலுக்கு முன் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, தண்ணீரில் இறக்கிய பின் திரும்ப நிரப்புங்கள்.

மடித்து எடுத்துச் செல்லலாம் என்பதற்காகத்தான் ரப்பர் படகு. காரின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் பம்பு இருந்தால் ஊதுவது சில நிமிட வேலை. அந்தச் சோம்பலுக்காகக் கூண்டு கட்டுவது வீண்.

இரும்பை வெட்டும் முன் ஒரு காகித வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். சமையல்காரர்கள், பந்தல்காரர்கள் கைமாற்றிவிடும் டிரெய்லர்கள் பல பதிவே இல்லாதவை. உங்களுடையதற்கு ஆர்.சி. இருக்கிறதா, அதில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியின் அடிச்சட்டகத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க அந்தச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் கொடுப்பதில்லை. அதனால்தான் நான் சொல்லப்போகும் வேலை பெரும்பாலும் போல்ட்டில் நிற்கும், கழற்றினால் பழைய பெட்டி திரும்பிவிடும். அப்படி இருந்தும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிரெய்லரின் பின்புறத்தில் பொலேரோவின் எண்ணும் தெரிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் டிரெய்லரைப் பற்றிச் சொல்லி, அதைப் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். பொலேரோவின் கையேட்டில் இழுவை எடை வரம்பு எவ்வளவு போட்டிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வண்டி. எல்லாரும் எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்கிறார்கள். எங்கே ஏற்றுவது என்று கேட்பவர் குறைவு. டிரெய்லர் சாலையில் வாலாட்டுவதற்கு முக்கியக் காரணம் எடை அச்சுக்குப் பின்னால் இருப்பதுதான். கொக்கியின் மேல் அமரும் எடையை மூக்கு எடை என்போம். மொத்த எடையில் அது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் ஆடும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி குறையும்.

உங்கள் சாமானை வைத்தே கணக்குப் போடுவோம். வெற்று டிரெய்லர் 220 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்துப் பார்த்தபின் திருத்திக்கொள்ளலாம். படகு ஒன்றுக்கு 40 வீதம் 80, எஞ்சின் 25, இரண்டு கேன் தண்ணீர் 40, கூடாரமும் படுக்கையும் 70, அடுப்பு பாத்திரங்கள் 45. ஆக 480 கிலோ. அச்சு பெட்டியின் முன்சுவரிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் இருப்பதாகவும், கொக்கியிலிருந்து அச்சு வரை 2.4 மீட்டர் என்றும் கொள்வோம்.

மடித்த படகு ஒவ்வொன்றும் சுமார் 110 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் இருக்கும். இரண்டையும் குறுக்குவாட்டில், அடுத்தடுத்துத் தரையில் வையுங்கள். பெட்டியின் 180 செ.மீ. நீளத்தில் 120 போய்விடும். மீதி 60 செ.மீ. முன்பக்கம் காலியாக இருக்கட்டும். எஞ்சினும் தண்ணீரும் அங்கே. படகுகளின் நடுப்புள்ளி அச்சுக்கு 20 செ.மீ. பின்னால் விழுகிறது, 80 கிலோவும் சேர்ந்து கொக்கியிலிருந்து ஏழு கிலோவைத் தூக்கிவிடும். எஞ்சினும் தண்ணீரும் அச்சுக்கு 70 செ.மீ. முன்னால் இருப்பதால் கொக்கியில் 19 கிலோ சேர்க்கும். வெற்று டிரெய்லரின் மூக்கு எடை 25 கிலோ என்றால், கூட்டிக் கழித்து 37 கிலோ. கூடாரம், படுக்கை, பாத்திரங்களை அச்சுக்கு நேர்மேலே வைத்தால் இந்தக் கணக்கில் அவை குறுக்கிடாது. 480-க்கு 37 என்பது நூற்றுக்கு எட்டுக்குச் சற்றுக் குறைவு. போதும்.

இதே எஞ்சினைக் கழற்ற வசதி என்று பின்கதவுக்குப் பக்கத்தில் மாட்டினால் என்ன ஆகும்? 70 செ.மீ. முன்னாலிருந்த 25 கிலோ, 70 செ.மீ. பின்னால் போகிறது. மூக்கு எடை ஒரே வீச்சில் ஏறக்குறைய 15 கிலோ குறைந்து 23-க்குச் சற்றுக் கீழே நிற்கும். ஐந்து சதவீதத்துக்கும் கீழே. போகும் வழியில் தண்ணீர் கேன்களும் காலியாகிவிட்டால் இன்னும் மோசம். திரும்பி வரும்போது வண்டி ஆடுகிறது என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். சாலையைத் திட்டிப் பயனில்லை.

அளந்து பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கியைக் காரில் மாட்டும் அதே உயரத்தில் அதன்மேல் இறக்குங்கள். காட்டுவதுதான் மூக்கு எடை.

இப்போது பட்டறைக்காரருக்கு வேலை. ராணிப்பேட்டையில் பெல் ஆலையும் சிப்காட்டும் வந்த பிறகு இந்த வட்டாரத்தில் நல்ல வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை; கூண்டு போட வேண்டிய கையை ஸ்பிரிங் பக்கம் திருப்புங்கள். பாத்திரம் ஏற்றிய டிரெய்லர் என்றால் கனமான பட்டை ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். 250, 260 கிலோ சாமானுக்கு அது அசையவே அசையாது. ஒவ்வொரு குழியிலும் பெட்டி முறத்தில் தானியம் புடைப்பதுபோல் சாமானைத் தூக்கிப்போடும். ரப்பர் படகு கிழிந்து கெடுவதைவிட உராய்ந்து கெடுவதே அதிகம். மடிப்பின் ஓரம் ஒரே இடத்தில் இரும்பில் இரண்டு மணி நேரம் தேய்ந்தால் போதும். ஒரு பட்டையைக் கழற்றியோ மெல்லிய பட்டைகளாக மாற்றியோ, முழுச் சுமையில் ஸ்பிரிங் நன்றாக அமுங்குகிறதா என்று பாருங்கள். சக்கர பேரிங்குகளைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து கொக்கி. டிராக்டரில் வருவதுபோல் வளையமும் ஊசியும் என்றால் மாற்றிவிடுங்கள். அந்த ஆட்டம் காருக்கு ஆகாது. பந்துக் கொக்கி போடும்போது பந்தும் கிண்ணமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். 50 மி.மீ. என்றும் இரண்டு அங்குலம் என்றும் இரண்டு வகை உண்டு. வித்தியாசம் 0.8 மி.மீ.தான், ஆனால் இரண்டு அங்குலக் கிண்ணம் 50 மி.மீ. பந்திலிருந்து குலுக்கலில் எகிறக்கூடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டு போட்டு, கொக்கியின் அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் இழுவைத் தண்டு தரையில் குத்தாமல் சங்கிலியின் மேல் விழும். விளக்குகளுக்கு எர்த் தனிக் கம்பியாக வரட்டும். கொக்கி வழியே எர்த் கிடைத்துவிடும் என்று விட்டால் கிரீசும் துருவும் சேர்ந்து, பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் எரியும்.

பெட்டியின் தரையில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட், அதன்மேல் ஓரங்குல இடைவெளி விட்டு மரச் சட்டங்கள். ஈரப் படகின் தண்ணீர் அடியில் வடிந்து, மூலைகளில் போட்ட துளைகள் வழியே போய்விடும். பக்கச் சுவர்களுக்கு உட்புறம் பழைய யோகா பாய் போன்ற நுரைத் தகடு ஒட்டுங்கள். நம் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோல் துண்டுகளை ஒட்டாதீர்கள். ஈரம் பட்டால் சாயம் படகில் ஏறும், பூஞ்சையும் பிடிக்கும். மேலே 25 மி.மீ. ஸ்கொயர் பைப்பில் ஓரடி உயரச் சட்டம், போல்ட் போட்டது. அதற்கு வெள்ளை பெயிண்ட் அடித்த தகட்டு மூடி. கூடாரங்களும் உயிர்காப்பு உடைகளும் இந்த மேல்தட்டில். முழு உயரம் பொலேரோவின் பின்கண்ணாடிக்குக் கீழே நின்றால், பின்னால் வருவது உங்களுக்குத் தெரியும்.

மூடிய பெட்டியில் பெட்ரோலும் எரிவாயுவும் போனால் காற்றுப்போக்கியை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். மேலே மட்டும் ஓட்டை போட்டால் பயனில்லை. தரைமட்டத்தில் இரண்டு, எதிர்ச்சுவரில் மேலே இரண்டு. அதைவிட நல்லது, பெட்டிக்கு வெளியே இழுவைத் தண்டின் மேல் கம்பி வலைக் கூடை ஒன்று பொருத்தி, உலோக பெட்ரோல் கேனையும் 5 கிலோ சிலிண்டரையும் நிமிர்த்தி அதில் கட்டுவது. இதுவும் மூக்கு எடையில் சேரும், திரும்பவும் நிறுத்துப் பாருங்கள்.

எங்கே இறக்கப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. பாலாற்றை நம்பி யாரும் படகு வாங்க மாட்டார்கள். 2021 நவம்பரில் வந்ததுபோல் வெள்ளம் வந்தால் அதில் இறங்குவது அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் வேலை. மோர்தானா அணையோ வேறு ஏரியோ, அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஏலகிரி என்றால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும்: ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். வளைவில் டிரெய்லர் உள்பக்கம் வெட்டி வரும், அகலமாகத் திருப்புங்கள். சமவெளியில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம். எப்போதாவது வால் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானே அடங்கும். அடங்கியதும் ஓரங்கட்டி, எந்தச் சாமான் பின்னால் நகர்ந்தது என்று பாருங்கள்.

முதல் ஓட்டத்தை குடியாத்தம் வரை வைத்துக்கொள்ளலாம். வழியில் நிறுத்திச் சக்கரத்தின் நடுப்பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, சுட்டால் பேரிங் இறுகியிருக்கிறது. வீல் நட்டுகளை வீடு வந்ததும் இன்னொரு முறை முறுக்குங்கள். படகை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, மடிப்பில் டால்கம் பவுடர் தூவி வையுங்கள். உப்புத் தண்ணீரில் போனது என்றால் எஞ்சினையும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும். டிரெய்லரிலேயே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் எலிக்கு வீடு கிடைத்துவிடும்.

இரவில் உள்ளே படுப்பது பற்றி: இடம் இருக்கிறது, ஆனால் படுக்காதீர்கள். பெட்ரோல் வாடை ஒரு பக்கம் இருக்கட்டும். காரிலிருந்து கழற்றிய ஒற்றை அச்சு டிரெய்லரில் ஒருவர் புரண்டு பின்பக்கம் வந்தாலே மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். நான்கு மூலைக்கும் ஜாக் வைத்தால்தான் நிற்கும். நான்கு ஜாக்கின் விலைக்கு இன்னொரு கூடாரம் வாங்கலாம்.