கீரிமலையில் மலை எங்கே?

அன்புள்ள ஐயாவுக்கு,

போன மாதம் அம்மாவும் நானும் பிரைட்டனில் சாரதியோடு ஒரு கார் பிடித்து, அரைநாளில் செவன் சிஸ்டர்ஸ், பீச்சி ஹெட் வெள்ளைப் பாறைகளைப் பார்த்து வந்தோம். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனிக் கார், விரும்பிய இடத்தில் நிற்கலாம். ஆடியில் ஊருக்கு வருகிறோம். யாழ்ப்பாணத்தில் இப்படி அரைநாளில் பார்க்கக்கூடிய கடற்கரை உண்டா? ஊர் ஒரே தட்டை, அங்கே என்ன கிடக்கிறது என்கிறார் அம்மா. காருக்கு எவ்வளவு கேட்பார்கள்? சாரதிக்குச் சாப்பாடும் நாங்கள்தான் கொடுக்க வேண்டுமா?

பிரித்தானியாவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளை,

வாடகையை என்னிடம் கேட்காதீர்கள். ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள், ஏறமுதல் பேசி முடித்துவிடுங்கள். ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கேள்வியை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கொடுக்கத்தான் வேண்டும். நீங்கள் இருக்கும் மேசையிலேயே இருத்திக் கொடுக்க வேண்டும். என் ஐயா, அதாவது என் தகப்பனார், வாடகைக் கார் ஓடியவர். கலியாண வீடுகளின் படலைக்கு வெளியே பசியோடு நின்ற கதைகளை அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

சரி, தட்டை என்ற கதைக்கு வருவோம். பீச்சி ஹெட் 162 மீட்டர். அதற்கு ஈடான உயரம் எங்களிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தின் வடகரையில், மலையே இல்லாத இடத்துக்குக் கீரிமலை என்று பெயர் வைத்த சனம் நாங்கள். கீரிமுகம் கொண்ட நகுல முனிவரின் கதையில் கீரி இருக்கிறது, மலை எங்கிருந்து வந்ததோ! ஆனால் நீங்கள் நின்று படமெடுத்த அந்த வெள்ளைக் கல் என்ன? கடலில் மிதந்த கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள், டைனோசர் காலத்தில் அடியில் படிந்து இறுகியது. எங்கள் கல்லும் கடலுக்குள் உண்டான சுண்ணாம்புக் கல்தான். மயோசீன் காலத்தது, வயதில் இளையது, அவ்வளவுதான். பிரைட்டன் குழாய்களில் வரும் தண்ணீர் பெரும்பாலும் அந்த வெள்ளைக் கல்லுக்குள் தேங்கிய மழை. எங்கள் கிணறுகளில் ஊறுவதும் இந்தக் கல்லுக்குள் இறங்கிய மழைதான். ஆறில்லாத ஊரில் தோட்டம் செய்து பிழைத்தோமே, எப்படி என்று அம்மாவிடம் கேளுங்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்ததை அவர் பார்த்திருப்பார்.

செங்குத்தாகக் கீழே பார்த்தே ஆகவேண்டும் என்றால் அதற்கும் இடம் உண்டு. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. 1990இல் நிற்கும் வரை அதற்குக் கல் தோண்டிய குழிகள் அந்தப் பக்கம் கிடக்கின்றன. எங்கள் மலை கீழ்நோக்கிப் போகிறது, பிள்ளை. பீச்சி ஹெட்டில் கடல் கரையைத் தின்று வந்ததால் பெல் டூட் வெளிச்சவீட்டை 1999இல் 17 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள். இங்கே கடலுக்கு அந்த வேலையை வைக்காமல் நாங்களே தின்றோம்.

ஐயாவின் ஏ40 காருக்கு அரைநாள் ஓட்டம் என்றால் பெரும்பாலும் கீரிமலை அந்தியேட்டிதான், செத்தவரின் சாம்பலைக் கடலில் கரைக்கும் சடங்கு. விடியப் புறப்பட்டு மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று போகும். பின் சீட்டில் நெருக்கியடித்து நாலைந்து பேர், ஒருவர் மடியில் சாம்பல் முட்டி. எங்கள் ஊரில் கார் பிடித்துக் கடலுக்குப் போவது அப்போது அதற்குத்தான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் முன்னால் ஏற்றிக்கொள்வார்.

சடங்கு முடிய இரண்டு மூன்று மணித்தியாலம் செல்லும். ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கேணிக்கு அப்பால் பாறை விளிம்பில் இறங்குவார். கறுத்து, ஊசி ஊசியாய் நிற்கும் கல். வெறுங்காலைக் கிழித்துவிடும். அலை பின்வாங்கும் நேரம் பார்த்து ஒரு வெடிப்பைக் காட்டுவார். உள்ளேயிருந்து விரல் தடிப்பில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கும். “கையை வை” என்பார். கடல் வெதுவெதுப்பாக இருக்கும், இது குளிரும். உப்பே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் கடலின் உப்பு இல்லை. அடுத்த அலை வந்து மூடிவிடும். “மல்லாகத்தில் பெய்த மழையடா இது” என்பார். எந்தப் புத்தகத்தில் படித்தாரோ தெரியாது, விஷயம் சரிதான். கேணிக்கு வரும் ஊற்றும் அப்படிக் கல்லுக்குள் நடந்து வந்த மழைதான்.

1990க்குப் பிறகு சண்டையால் பல வருடம் அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. ஐயாவின் அந்தியேட்டிக்கு நாங்கள் ஒரு ஹயஸ் வான் பிடித்துப் போனோம். சாம்பலைக் கரைத்துவிட்டு அந்த வெடிப்பைத் தேடினேன். கடல் ஏறியிருந்தது, எந்தக் கல் என்று பிடிபடவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று காலால் துழாவினேன், ஓரிடத்தில் குளிர்ந்தது போலிருந்தது. மச்சான் கரையிலிருந்து நேரமாகிறது என்று கூப்பிட்டான்.

ஆடி அமாவாசையன்று மட்டும் போய்விடாதீர்கள். தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுக்க வரும் சனத்தில் கல்லைக் காணமுடியாது. மற்ற எந்த நாளும் விடியப் போங்கள், கடல் வற்றியிருக்கிறதா என்று அங்கே மீன்பிடிப்பவர்களைக் கேளுங்கள், அம்மாவுக்குப் பிடிப்பான செருப்பு வாங்கிக் கொடுங்கள். அரைநாள் போதும்.

வீடு திரும்பி, கால் கழுவி, இலை போட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. ஹயஸ் ஓடி வந்த பெடியன் படலைக்கு வெளியே ஸ்டியரிங்கில் தலை வைத்துப் படுத்திருந்தான். காலையில் தேத்தண்ணிகூட யாரும் கொடுத்திருக்கவில்லை.