25-ல் 22 எங்கே?

கேள்வி: ‘தெரிந்துகொள்வோம்’ பகுதிக்கு 25 துணுக்குகள் எழுதி அனுப்பினேன். 3 மட்டுமே வந்திருக்கின்றன, அவற்றிலும் கை வைத்திருக்கிறீர்கள். எல்லாமே வியப்பானவை, வீட்டுக்குப் பயன்படுபவை, வாட்ஸ்அப்பில் லட்சம் பேர் பகிர்ந்தவை. பக்கத்தில் இடமில்லையா, உங்களுக்கு மனமில்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இடமும் இருந்தது, மனமும் இருந்தது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து உங்கள் 25-ஐயும் படித்தேன் அன்பரே. நீங்கள் கேட்டுவிட்டதால் சொல்லிவிடுகிறேன்.

ஆக்டோபஸுக்கு 3 இதயம், வெள்ளிக் கோள் சூரியனைச் சுற்ற 225 நாளும் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாளும் எடுத்துக்கொள்கிறது என்பது போன்ற 8 துணுக்குகள் மெய்யானவை. எடுத்து வைத்திருக்கிறேன், வரும் இதழ்களில் வரும்.

சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும், மூளையில் 10 சதவீதம்தான் வேலை செய்கிறது, தங்கமீனுக்கு 3 நொடிதான் நினைவு, தும்மும்போது இதயம் நின்றுவிடும் என்ற வகையில் பதினொன்று இருந்தன. ஒன்றும் உண்மையில்லை. இவற்றை நம்பி யாரும் சாகப்போவதில்லை என்றாலும் பொய்யை அச்சேற்ற எனக்கு மனம் வரவில்லை.

என்னை உண்மையிலேயே பதற வைத்தது உங்கள் 11-வது துணுக்கு. “தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால், மூச்சை ஆழமாக இழுத்து, விடாமல் பலமாக இருமுங்கள், உயிர் பிழைக்கலாம்.”

இதில் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடமாக இது சாகாமல் சுற்றுகிறது. மருத்துவமனையில் நோயாளியின் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர், துடிப்பு திடீரென்று தாறுமாறாகும் கணத்தில், நோயாளிக்கு இன்னும் நினைவு இருந்தால், “இருமுங்கள், இருமுங்கள்” என்று சொல்வதுண்டு. அந்த இருமல் சில நொடிகளுக்கு மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும். அதற்குள் அவர் அடுத்த சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் நிலை அதுவல்ல. பெரும்பாலும் அவர் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைத்திருக்கிறது. எவ்வளவு இருமினாலும் அந்த அடைப்பு விலகாது. அமெரிக்க இதய சங்கம் இந்த முறையைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. அவர் செய்ய வேண்டியது ஆம்புலன்ஸை அழைப்பதும், வருபவர்கள் உள்ளே நுழைய வாசல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு அசையாமல் உட்கார்வதும்தான். உங்கள் துணுக்கை நம்பியவர் போனை எடுக்க வேண்டிய நேரத்தில் இருமிக்கொண்டிருப்பார். அந்த நிமிடங்களை அவரிடமிருந்து பறிக்க எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

பக்கவாதம் வந்தவரின் விரல் நுனிகளை ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் 20-வதும் இதே ரகம். விரலில் வரும் ரத்தத்துக்கும் மூளையில் அடைத்த குழாய்க்கும் தொடர்பே கிடையாது. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா பாருங்கள். இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாக இறங்குகிறதா பாருங்கள். ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், நா குழறுகிறதா கேளுங்கள். ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. ஊசி தேடும் நேரமும் அந்தக் கணக்கில்தான் கழியும்.

லட்சம் பேர் பகிர்ந்தது என்கிறீர்கள். அந்த லட்சத்தில் எத்தனை பேர் ‘ஏன்’ என்று கேட்டார்கள்? நானும் கேட்காமல் இருந்தவன்தான். பல வருடங்களுக்கு முன் இதே பகுதியில், மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும் என்று போட்டுவிட்டேன். சின்ன வயதில் எனக்கு அப்படித்தான் செய்தார்கள், அதனால் சரிபார்க்கத் தோன்றவில்லை. ஒரு டாக்டர் எழுதினார்: பின்னால் சாய்த்தால் ரத்தம் நிற்காது, கண்ணில் படாமல் தொண்டைக்குள் இறங்கும், வாந்தி வரும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட வேண்டும். அடுத்த இதழில் திருத்தம் போட்டேன். ஆனால் முதல் இதழைப் படித்தவர் எல்லோரும் திருத்தத்தையும் படித்தார்களா? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

இனி வெளிவந்த மூன்றில் ஏன் கை வைத்தேன் என்பதற்கு வருகிறேன். காரின் பெட்ரோல் காட்டியில் உள்ள பம்ப் படத்தின் குழாய் எந்தப் பக்கமோ, டேங்க் மூடியும் அந்தப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு விதி இல்லை. படத்தின் பக்கத்தில் இருக்கும் சின்ன முக்கோண அம்புதான் பக்கத்தைச் சொல்லும். அது 1986-ல் ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் கொடுத்த யோசனை. மழையில் வண்டியைத் தவறான பக்கம் நிறுத்தி நனைந்தவர், உடனே உட்கார்ந்து மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார்.

பேனா மூடியின் உச்சியில் இருக்கும் ஓட்டைக்கு வேறு காரணம் எழுதியிருந்தீர்கள். அது குழந்தை மூடியை விழுங்கி அது தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சமாவது காற்று போகட்டும் என்று வைத்தது. ஐஎஸ்ஓ 11540 என்ற சர்வதேசத் தரமே இதற்கென்று இருக்கிறது.

மூன்றாவது, உங்கள் பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது, நாற்றம் பிறகு சேர்க்கப்படுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முற்றிலும் சரி. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாசனையில்லாத எரிவாயு கசிந்து தேங்கியது. யாருக்கும் தெரியவில்லை. வெடித்தபோது ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் கேஸில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது. சிலிண்டர் கேஸில் கலக்கும் மெர்காப்டன், காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்கு எட்டிவிடும்.

நீங்கள் அதோடு நிறுத்திவிட்டீர்கள். நாற்றம் வந்தால் என்ன செய்வது என்று நான் இரண்டு வரி சேர்த்தேன். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தண்ணீர்போலத் தரையோடு பரவித் தங்கும். அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறு, லேசானது, கூரையடியில் சேரும். எதுவானாலும் எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது. போடுவது மட்டுமல்ல, எரிகிற விளக்கை அணைப்பதும் தப்பு. இரண்டிலும் பொறி பறக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் கேஸ் வெளியே போய்விடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஸ்விட்சில் பொறி பறக்கும் என்ற காரணம் தெரிந்தவருக்கு அந்த யோசனையே வராது. போனையும் வெளியே வந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

17-வதை மட்டும் மேசையிலேயே வைத்திருக்கிறேன். “எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்.” உண்மை. ஆனால் தீ எரியும்போது முன்னால் நிற்பவருக்கு ‘ஊற்றாதே’ மட்டும் போதுமா? கை எதையாவது செய்யத் துடிக்குமே! தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும். அந்தச் சூட்டில் நொடியில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயை அள்ளி முகத்தில் வீசும். எட்டினால் அடுப்பை அணைத்து, சட்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு தட்டையோ மூடியையோ தள்ளி மூட வேண்டும். காற்று கிடைக்காமல் தீ அடங்கும். முழுதாக ஆறும்வரை மூடியைத் தூக்கக்கூடாது, சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடவும் கூடாது.

இதையும் சேர்த்து அடுத்த இதழில் உங்கள் பெயரிலேயே வெளியிட ஆசைப்படுகிறேன். பெயர் போடலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.