ஒரே படத்தின் பாட்டுகள் மீடியா சர்வரில் தனித்தனி ஆல்பமாகச் சிதறுகின்றன. டேக்குகளை எப்படிச் சரிசெய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வீட்டு மினி பிசியில் நாவிட்ரோம் என்ற மீடியா சர்வர் மென்பொருளைப் போட்டிருக்கிறீர்கள். பல வருடமாகச் சேர்த்த தமிழ்த் திரைப்பாடல்களை ஏற்றியதும் ஒரு படத்தின் ஐந்து பாட்டு ஐந்து ஆல்பமாக வந்து நிற்கிறது. ஒரே பாடகர் மூன்று இடத்தில் இருக்கிறார். சில பெயர்கள் குப்பை எழுத்தாகத் தெரிகின்றன. ஃபோல்டர்களைப் படவாரியாக அடுக்கியும் பலனில்லை. கடைசியாக, கொஞ்சம் கர்நாடக இசையும் இருக்கிறது, அதை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ஃபோல்டர் அடுக்கியதை நாவிட்ரோம் கண்டுகொள்ளாது. ஃபைலுக்குள் டேக்குகளில், அதாவது ஆல்பம், பாடகர் போன்ற விவரங்களுக்கான இடங்களில், என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் அது ஆல்பம் பிரிக்கும். இன்னொரு மீடியா சர்வரான ஜெல்லிஃபின் ஒரு ஃபோல்டரை ஒரு ஆல்பமாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஜெல்லிஃபினில் ஒழுங்காகத் தெரிந்த சேகரிப்பு நாவிட்ரோமுக்கு வந்ததும் உடைவது சகஜம். ப்ளெக்ஸ் என்ற மற்றொரு சர்வரில் லைப்ரரியின் அட்வான்ஸ்ட் பகுதியில் உள்ளூர் மெட்டாடேட்டாவுக்கு (ஃபைலில் உள்ள விவரங்களுக்கு) முன்னுரிமை கொடுக்கச் சொல்லி ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்யாவிட்டால் நீங்கள் எழுதியதை விட்டுவிட்டு இணையத்தில் கிடைத்ததைப் போட்டுக்கொள்ளும். மூன்றுக்கும் பொதுவாக என் யோசனை ஒன்றுதான்: சர்வரின் திரையில் போய்த் திருத்தாதீர்கள், ஃபைலிலேயே திருத்துங்கள். சர்வரில் திருத்தியது பொதுவாக அந்த சர்வரின் டேட்டாபேஸில்தான் இருக்கும். நாளைக்கு வேறு சர்வருக்கு மாறினால் அத்தனை உழைப்பும் போய்விடும். ஃபைலில் எழுதியது ஃபைலோடு போகும்.

இப்போது ஆல்பம் ஏன் உடைகிறது என்று பார்ப்போம். இந்த மென்பொருள்கள் எல்லாம் ஒரு பாடகரோ குழுவோ ஆல்பம் போடும் வழக்கத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் படப்பாட்டில் முதல் பாட்டை ஒருவர் பாடுவார், இரண்டாவதை இருவர் பாடுவார்கள், மூன்றாவதை வேறு யாரோ. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடம் காலியாக இருந்தால் நாவிட்ரோம் அந்தப் பாட்டின் ஆர்ட்டிஸ்டையே ஆல்பத்துக்கும் வைத்துக்கொள்ளும். பாடகர் மாறினால் ஆல்பமும் மாறிவிடும். அதனால் படப்பாட்டுக்கு முதல் விதி: ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயர், ஒரு படத்தின் எல்லாப் பாட்டிலும் எழுத்து பிசகாமல் ஒரே மாதிரி. ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடகர்கள். கம்போசர் என்ற இடத்தில் மறுபடி இசையமைப்பாளர். லிரிசிஸ்ட் என்ற இடத்தில் பாடலாசிரியர்.

ஆல்பம் ஆர்ட்டிஸ்டைக் காலியாக விட்டுவிட்டு கம்பைலேஷன் என்று டிக் போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்ற பெயரில் 1965-ல் ஒரு படம், 2010-ல் ஒரு படம். முதலாவதுக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி, இரண்டாவதுக்கு ஜி. வி. பிரகாஷ் குமார். இரண்டையும் கம்பைலேஷன் என்று போட்டால் இரண்டுமே ‘வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ கணக்கில் போய், பெயரும் ஒன்றாக இருப்பதால் ஒரே ஆல்பமாகக் கலந்துவிடலாம். ‘பில்லா’வுக்கும் இதே கதிதான், 1980-ம் 2007-ம். இசையமைப்பாளர் பெயரை எழுதிவிட்டால் தானாகவே பிரிந்து நிற்கும். கம்பைலேஷன் டிக்கை ‘சிறந்த பாடல்கள்’ மாதிரியான தொகுப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டையர்கள் விஷயத்தில் நான் செய்வது இது: ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் ‘விஸ்வநாதன்–ராமமூர்த்தி’ என்று ஒரே பெயராக. கம்போசரில் மட்டும் இரண்டு தனிப் பெயர்களாக. இருவரும் 1965-ல் பிரிந்து, அதன் பிறகு எம். எஸ். விஸ்வநாதன் தனியாக இசையமைத்தார். கம்போசரில் தனியாக எழுதியிருந்தால் அவர் பக்கத்தைத் திறக்கும்போது சேர்ந்து செய்ததும் தனியாகச் செய்ததும் ஒரே இடத்தில் கிடைக்கும். நாவிட்ரோம் 0.55-லிருந்து ஆர்ட்டிஸ்ட் பட்டியலை கம்போசர், லிரிசிஸ்ட் என்று வகைவாரியாக வடிகட்டலாம். கண்ணதாசன் எழுதிய பாட்டு மட்டும் வேண்டும் என்றால் இரண்டு சொடுக்கில் வந்துவிடும். லிரிசிஸ்ட் டேக்கை நிரப்ப மெனக்கெடுவதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

பல பாடகர்கள் இருந்தால் காற்புள்ளி போட்டு எழுதாதீர்கள். நாவிட்ரோம் பின்னால் இடம் விட்ட அரைப்புள்ளியில் பிரிக்கும், இரண்டு பக்கமும் இடம் விட்ட சாய்கோட்டிலும் பிரிக்கும். காற்புள்ளியில் பிரிக்காது. ‘எஸ். பி. பாலசுப்ரமணியம், எஸ். ஜானகி’ என்பது அதன் கண்ணில் ஒரே ஆளின் நீளமான பெயர். எம்பி3டேக் என்ற டேக் திருத்தும் மென்பொருளில் இரண்டு பெயருக்கு நடுவே இரட்டைப் பின்சாய்கோடு போட்டால் அது இரண்டு தனி மதிப்பாகவே சேமிக்கும். அதுதான் சுத்தமான வழி.

ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் சரியாக இருந்தும் ஒரு படம் இரண்டாக உடைந்தால் மியூசிக்பிரெய்ன்ஸ் (இணையத்தில் உள்ள இசைத் தகவல் களஞ்சியம்) தரும் ஆல்பம் ஐடியைப் பாருங்கள். பாதிப் பாட்டை அந்தக் களஞ்சியத்திலிருந்து டேக் நிரப்பும் பிக்கார்ட் மென்பொருளில் ஏற்றி, மீதியைக் கையால் திருத்தியிருந்தால் பாதியில் மட்டும் அந்த ஐடி இருக்கும். நாவிட்ரோம் அந்த ஐடி இருந்தால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லாததற்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் பெயர், பதிப்பு, வெளியீட்டுத் தேதி என்று பார்க்கும். எல்லாப் பாட்டிலும் ஐடி இருக்க வேண்டும், அல்லது எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ஒரே பாடகர் மூன்று இடத்தில் வருவது. ‘எஸ்.ஜானகி’ வேறு, ‘எஸ். ஜானகி’ வேறு. புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி போதும், சர்வருக்கு அது இன்னொரு ஆள். இது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. கண்ணுக்கே தெரியாத கோளாறும் தமிழில் டேக் எழுதுகிறவர்களுக்கு வரும். டி. எம். சௌந்தரராஜன் பெயரில் வரும் ‘சௌ’வை முறைப்படி ஔகார உயிர்க்குறி போட்டும் தட்டலாம், ச-வுக்கு எகரக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ள என்ற எழுத்தைத் தட்டியும் கொண்டுவரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. உள்ளே இருக்கும் எண்கள் வேறு. அதனால் டி.எம்.எஸ். இரண்டு பேர் ஆகிவிடுவார். ‘ஸ்ரீ’யும் இப்படித்தான். யூனிகோடில் அதை ஸ-வில் தொடங்கியும் எழுதியிருக்கிறார்கள், பிறகு சேர்க்கப்பட்ட ஶ-வில் தொடங்கியும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ஸ்ரீனிவாஸ் என்ற பெயர் உங்கள் பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி எளிது. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர்களை ஒருமுறை சரியாகத் தட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் யார் பெயரையும் கையால் தட்டவே கூடாது, அதிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுவதோடு சரி. எம்பி3டேகில் ஆர்ட்டிஸ்ட் என்ற நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் ஒரே மாதிரிப் பெயர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து வந்து நிற்கும். மொத்தமாகத் தேர்வு செய்து ஒரே ஒட்டில் மாற்றிவிடலாம்.

சரி, குப்பை எழுத்து. தலையில் கோடு வைத்த சின்ன ரோமன் ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் அது தமிழ் யூனிகோடுதான், தவறாக வாசிக்கப்படுகிறது. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதில் இரண்டே வகை. எழுதிய மென்பொருள் யூடிஎஃப்-8 பைட்டுகளைப் போட்டுவிட்டு ‘இது லத்தீன் எழுத்து’ என்று தலைப்பில் குறித்துவிட்டால் இப்படித் தெரியும். பைட்டுகள் அப்படியே இருந்தால் மீட்டுவிடலாம். பைதான் தெரிந்தவர்களுக்கு லத்தீன்-1 ஆகத் திருப்பி, யூடிஎஃப்-8 ஆக வாசிக்கும் ஒரு சிறு நிரல் போதும்.

ஆனால் நடுவில் எந்த மென்பொருளாவது அதை விண்டோஸ்-1252 என்ற பழைய லத்தீன் எழுத்துப் பட்டியலுக்கு மாற்றிச் சேமித்திருந்தால் சிக்கல். தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் அந்தப் பட்டியலில் காலியிடம். ஏ, ஐ ஆகிய எழுத்துகளுக்கும் அப்படியே. அந்த பைட் தொலைந்திருந்தால் மீட்டெடுத்த பெயரில் புள்ளி இருந்த இடமெல்லாம் ஓட்டையாக இருக்கும். அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். தமிழில் புள்ளி இல்லாத பெயர் எத்தனை இருக்கும்? அதனால் எந்த மாற்றத்தையும் ஒரு நகல் ஃபோல்டரில் செய்து பார்த்துவிட்டு அப்புறம் அசலில் கைவையுங்கள். ரோமன் எழுத்துகளும் குறிகளுமாக வேறு மாதிரி இருந்தால் அது டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியேற்றமாக இருக்கலாம். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற குறியேற்றம் மாற்றும் மென்பொருளில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெயர் பாதியில் அறுந்து நின்றால் அது ஐடி3-யின் (எம்பி3-யில் டேக் எழுதும் முறை) முதல் பதிப்பு டேக். எம்பி3 ஃபைலின் கடைசி 128 பைட்டில் இருக்கும், தலைப்புக்கு 30 பைட் மட்டும். தமிழில் அது பத்துக் குறிதான், ‘எஸ். ஜானகி’க்குப் பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு குறிக்குத்தான் இடம் மிஞ்சும். அதை முழுக்க நீக்கிவிட்டு இரண்டாம் பதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2.4-ல் யூடிஎஃப்-8 உண்டு, 2.3-ல் யூடிஎஃப்-16 உண்டு, தமிழுக்கு இரண்டுமே தாங்கும். காரில் பழைய ஸ்டீரியோவில் பென்டிரைவ் போட்டுக் கேட்பவர் என்றால் 2.3 பாதுகாப்பு.

பெயர்களைத் தமிழில் எழுதுவதா ரோமனிலா என்று குழம்புகிறவர்களுக்கு: தமிழிலேயே எழுதுங்கள், கூடவே சார்ட் டேக்குகளில் (பெயர்களை வரிசைப்படுத்துவதற்கான டேக்குகள்) ரோமன் வடிவத்தைப் போடுங்கள். நாவிட்ரோம் தேடும்போது சார்ட் டேக்குகளையும் சேர்த்தே தேடும். போனில் ஆங்கில விசைப்பலகையில் தட்டினாலும் பாட்டு கிடைக்கும், திரையில் தமிழ் தெரியும்.

கருவிகளைப் பொறுத்தவரை, எல்லோரும் முதலில் சொல்வது மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட். ஒலியைக் கேட்டு அடையாளம் காணும் வசதி அதில் இருக்கிறது, பெயரே இல்லாத ஃபைலுக்குக் கைகொடுக்கும். ஆனால் தமிழ்ப் படப்பாட்டுக்கு அதை மொத்தமாக அவிழ்த்துவிடாதீர்கள். ஒரு பாட்டு அசல் இசைத்தட்டிலும் இருக்கும், பின்னால் வந்த தொகுப்புகளிலும் இருக்கும். ஒலி ஒன்றுதான் என்பதால் பிக்கார்ட் ஏதோ ஒரு தொகுப்போடு பொருத்திவிட்டால் படமே சிதறிவிடும். விருப்ப வெளியீடுகள் பகுதியில் கம்பைலேஷன் என்ற நகர்த்தியைக் குறைத்துவையுங்கள், ஒவ்வொரு ஆல்பத்தையும் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். பெரும்பகுதி வேலைக்கு எம்பி3டேக்தான் எனக்குத் தோது. லினக்ஸில் கிட்3 அல்லது பட்டில்டேக். ஃபைல் பெயரிலிருந்து டேக்கை நிரப்புவது, பதிவிறக்கத் தளங்கள் தலைப்பிலும் ஜானரிலும் ஒட்டிவைத்த தங்கள் முகவரியை ஒரே ஆக்‌ஷனில் துடைப்பது எல்லாம் நிமிட வேலை. துடைக்கும்போது கமென்ட் டேக்கையும் மறக்க வேண்டாம்.

திருத்திச் சேமித்தும் சர்வரில் எதுவுமே மாறவில்லை என்றால், எம்பி3டேகின் விருப்பங்களில் ஃபைலின் மாற்றிய நேரத்தைப் பழையபடியே வைக்கும் தேர்வு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிக்கார்டிலும் அது உண்டு. நேரம் மாறாவிட்டால் சர்வரின் ஸ்கேனர் அந்த ஃபைலைத் திறக்காமல் தாண்டிவிடும். அதை எடுத்துவிடுங்கள், அல்லது முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

வருடம் என்ற இடத்தில் படம் வந்த வருடம், சிடி மறுபதிப்பு வந்த வருடம் வேண்டாம். ஆல்பத்தின் அட்டைப் படத்துக்கு ஃபோல்டரில் ‘கவர்’ (ரோமன் எழுத்தில் cover) என்ற பெயரில் ஒரு ஜேபெக் போதும். நாவிட்ரோம் இயல்பாகவே அதைத்தான் முதலில் தேடும், ஃபைலுக்குள் பதித்த படத்தைப் பிறகுதான் பார்க்கும்.

கர்நாடக இசைக்கு விதி மாறுகிறது. இங்கே ஆல்பம் பாடுகிறவருடையது, அதனால் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்பது வித்வான் அல்லது விதூஷியின் பெயர். கம்போசர் என்பது தியாகராஜரோ தீட்சிதரோ. தலைப்பில் கிருதியின் பெயர் மட்டும். ராகம், தாளம் இரண்டையும் தலைப்பில் ஹைஃபன் போட்டு ஒட்டாமல் தனி டேக்குகளாக எழுதுங்கள். ஃப்ளாக் வகை ஒலி ஃபைலில் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் டேக் உருவாக்கலாம். எம்பி3-யிலும் பயனர் தானே பெயர் வைக்கும் டேக்குக்கு இடம் உண்டு. நாவிட்ரோமின் அமைப்பு ஃபைலில் டேக்ஸ் பகுதியில் ராகம், தாளம் இரண்டையும் அறிவித்து ஒரு முழு ஸ்கேன் ஓட்டினால் அவற்றை ஸ்மார்ட் பிளேலிஸ்ட்டில் (தானாகவே நிரம்பும் பாட்டுப் பட்டியல்) நிபந்தனையாகப் பயன்படுத்தலாம். யார் பாடியிருந்தாலும் கல்யாணி எல்லாம் ஒரு பட்டியலில், தோடி எல்லாம் இன்னொன்றில் வந்துவிடும்.