பதினேழு வயதும் மூன்று வருடமும்

வணக்கம்.

பிளஸ் டூ மாணவன் ஒருவன் உடன் படிப்பவனைக் குத்திக் கொன்ற செய்தித் துணுக்கை இணைத்திருக்கிறேன். வயது பதினேழாம். மூன்று வருடத்தில் வெளியே வந்துவிடுவான் என்கிறார்கள். கொல்லத் தெரிந்தவனுக்கு அதன் விளைவு தெரியாதா?

ம. செ., திருச்சி

*

அன்புள்ள ம. செ.,

நீங்கள் சொல்லும் மூன்று வருடம் பழைய சட்டத்தின் கணக்கு. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கின் சிறுவன் அந்தத் தண்டனை முடிந்து 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அதுதான் நடைமுறை.

பதினாறு நிரம்பாதவனுக்கு இன்றும் மூன்று வருடம்தான். பதினாறு நிரம்பியவன் கொலை வழக்கில் சிக்கினால் சிறுவர்கள் மீதான வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் மூன்று மாதத்துக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்யவேண்டும். குற்றத்தைச் செய்வதற்கான மன, உடல் திறன், விளைவை உணரும் திறன், சூழ்நிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வயதுவந்தவனாகவே விசாரிக்கலாம் என்று தோன்றினால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கும் அதைத் தனியாக முடிவு செய்தாக வேண்டும். தூக்கு கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது, வழியுள்ள ஆயுள் உண்டு. 21 வயதுவரை பாதுகாப்பு இல்லம். பிறகு அவன் திருந்தியிருக்கிறானா என்று பார்த்து, விடுவிப்பார்கள் அல்லது மிச்சக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்புவார்கள்.

ஆகவே சட்டம் இளகிய மனதோடு இருக்கிறது என்பதல்ல சிக்கல். மதிப்பீட்டில்தான் எல்லாம் சறுக்குகிறது. 2017இல் குருகிராம் பள்ளியில் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது போலீஸ் முதலில் பிடித்தது பேருந்து நடத்துநரை. பிறகு சிபிஐ அதே பள்ளியின் பதினாறு வயது மாணவனைக் கைது செய்தது. அவனைப் பற்றிய மதிப்பீடு செல்லாது, மறுபடி செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஜூலையில். புத்தி கூர்மையாக இருப்பதும் விளைவை உணர்வதும் ஒன்றல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கத்தி பட்டால் ஆள் சாவான் என்பது பதினாறு வயதுப் பையனுக்குத் தெரியும். செத்தவனின் வீடும் தன் மீதி வாழ்க்கையும் என்னவாகும் என்பது அவன் கண்ணுக்குத் தெரிந்ததா என்பதே கேள்வி. குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணரை அழைப்பது கட்டாயம் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது.

இன்னொரு கோணல், மதிப்பீட்டின்போது குற்றம் இன்னும் நிரூபணமாகியிருக்காது. 'நான் செய்யவே இல்லை' என்று சொல்பவன் எந்தச் சூழ்நிலையை விளக்குவான்? அறிய வேண்டியது சம்பவ நேரத்து மனதை. உளவியலாளர் முன் உட்காருபவனோ கூர்நோக்கு இல்லத்தில் சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தவன்.

வயதை முடிவு செய்யப் பள்ளிச் சான்று முதலில், அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்புச் சோதனை. (பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் மாதப் பிறந்தநாளை எழுதிக்கொடுக்கும் நம் ஊர் வழக்கம் இங்கே ஒருவனின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.)

துணுக்கை இங்கே வெளியிடவில்லை. அதில் பள்ளியின் பெயர் இருக்கிறது. அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் 74ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். நீங்களும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் நீக்கிவிடுங்கள்.