விலை குறைந்த தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

வணக்கம்,

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிப் பள்ளியில் படித்ததில் நினைவிருப்பது இவ்வளவுதான்: பிரிட்டிஷார் தேயிலைக்கு வரியை ஏற்றினார்கள், பாஸ்டன் மக்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். ஆனால் 1773ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேயிலை விலை குறைந்தது என்று அண்மையில் ஒரு கட்டுரையில் பார்த்தேன். விலை குறைந்ததற்கா கலகம் செய்தார்கள்? எல்லாம் கடத்தல் வியாபாரிகள் தூண்டிவிட்டது என்கிறார் நண்பர். உண்மைதானா?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

நீங்கள் பார்த்தது சரிதான். 1773 சட்டம் புதிதாக எந்த வரியும் போடவில்லை. ராத்தலுக்கு (சுமார் 450 கிராம்) 3 பென்ஸ் என்பது 1767இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கொண்டுவந்த வரி. கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை என எல்லாவற்றுக்கும் வரி போட்டு, எதிர்ப்பு வலுத்ததும் 1770இல் தேயிலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கினார்கள். அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது வரி போடும் உரிமை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதற்கு ஓர் அடையாளமாக அது நின்றது.

1773இல் மாறியது விற்கும் முறை. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி தன் தேயிலையை லண்டனில் ஏலம்விடும். வணிகர்கள் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். இனி கம்பெனியே நேரடியாக அனுப்பலாம், பிரிட்டனில் கட்டிய தீர்வையும் திரும்பக் கிடைக்கும் என்றது சட்டம். விலை குறைந்தது அதனால்தான். கம்பெனி அப்போது திவாலாகும் நிலையில் இருந்தது. 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை வந்து தன் நிபந்தனைகளுக்குக் கம்பெனியைப் பணியவைத்தபோதே பங்கு விலை சரிந்தது. அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சம். லண்டன் கிடங்குகளில் கோடி ராத்தலுக்கும் மேல் தேயிலை தேங்கியிருந்தது. (எல்லாம் சீனத் தேயிலை. அசாம் தோட்டங்கள் வர இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் ஆகும்.)

மூன்று பென்ஸ் பெரிய தொகை இல்லை. அந்தப் பணம் எங்கே போனது என்று பாருங்கள். பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஆளுநரின் சம்பளத்தை மக்கள் தேர்ந்தெடுத்த சபைதான் ஆண்டுதோறும் ஒதுக்கிவந்தது. ஆளுநரை நியமிப்பவர் மன்னர். அவரைக் கொஞ்சமாவது கட்டுக்குள் வைக்கச் சபையிடம் இருந்த முக்கியமான பிடி அந்தச் சம்பளம். 1772இல் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் சம்பளம் சுங்க வருமானத்திலிருந்து வரும் என்றானது. உயர் நீதிபதிகளுக்கும் அப்படியே என்று செய்தி வந்தது. வாங்கும் ஒவ்வொரு ராத்தல் தேயிலையும் தங்கள் சபையைச் செல்லாக்காசாக்கவே உதவும் என்பது மக்களுக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்த நவம்பரில் பாஸ்டன் நகரக் கூட்டம் ஒரு கடிதத் தொடர்புக் குழுவை அமைத்து ஊர் ஊராக எழுதத் தொடங்கியது இதனால்தான். இந்த இடத்தைப் பாடப்புத்தகங்கள் தாண்டிப் போய்விடுவதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

எதிர்க்கும் வழியை அவர்கள் 1765 முத்திரைச் சட்டத்திலேயே கற்றுவிட்டார்கள். பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாம் முத்திரையிட்ட தாளில்தான் இருக்க வேண்டும்; வரியை ஸ்டெர்லிங் மதிப்பில் கட்ட வேண்டும்; மீறினால் ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்திலும் வழக்குப் போடலாம். ஆனால் தாளை விநியோகிக்க ஒவ்வொரு குடியேற்றத்திலும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பதவி விலகவைத்தால் சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். சட்டம் அமலுக்கு வரவேண்டிய நவம்பர் 1க்குள் அநேகமாக எல்லோரும் விலகியிருந்தார்கள். மிரட்டலும் வீடுகளைச் சூறையாடுவதும் அதில் இருந்தன, அதை மறைக்கக்கூடாது.

1773இல் அதே உத்தியை, கம்பெனி தன் தேயிலையை விற்க ஒவ்வொரு துறைமுகத்திலும் நியமித்த முகவர்களிடம் கையாண்டார்கள். நியூயார்க், பிலடெல்பியா, சார்லஸ்டன் முகவர்கள் விலகினார்கள். பாஸ்டனில் மட்டும் மறுத்துவிட்டார்கள். அவர்களில் இருவர் ஆளுநரின் மகன்கள்.

அதன் பிறகு எல்லாம் நாள்கணக்குதான். டார்ட்மவுத் என்ற கப்பல் நவம்பர் 28 அன்று வந்தது. 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைக் கைப்பற்றலாம்; கைப்பற்றினால் தேயிலை கரையேறிவிடும். தீர்வை கட்டாமல் திரும்பிப்போக அனுமதிச்சீட்டு கிடைக்காது; மீறிப் போனால் துறைமுகக் கோட்டையின் பீரங்கிகள் காத்திருந்தன. டிசம்பர் 16 அன்று கப்பல் உரிமையாளர் ஆளுநரிடமே போய்க் கேட்டார். மறுப்பு வந்த அந்த இரவே மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். கம்பெனி கணக்கில் நட்டம் 9,659 பவுன். கடல் வற்றியிருந்த நேரம் என்பதால் தேயிலை கப்பலோரம் குவியலாக நின்றது. ஆட்கள் இறங்கித் தள்ளிவிட வேண்டியிருந்தது.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் டச்சுக் கடத்தல் தேயிலைதான் அதிகம். மலிவான கம்பெனித் தேயிலை அந்த வியாபாரிகளுக்கு அடி. ஆனால் பாஸ்டனில் தீர்வை கட்டிய தேயிலையும் கணிசமாக இறங்கிவந்தது. முகவர் பட்டியலில் இடம் கிடைக்காத நேர்மையான வணிகரும் இந்தச் சட்டத்தால் பிழைப்பை இழந்தார். கடத்தல் ஒன்றே காரணமென்றால், தேயிலை விற்காத உள்நாட்டு ஊர்கள் ஏன் பாஸ்டனுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டன?

பதிலடியாக 1774 ஜூன் 1 முதல் துறைமுகத்தை மூடினார்கள். மற்ற குடியேற்றங்களை அதைவிடவும் கலக்கியது மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம். மேலவையை இனி மன்னரே நியமிப்பார். ஆளுநர் அனுமதியின்றி ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான். தேயிலையைக் கொட்டியது தவறு என்று சொன்னவர்கள்கூட, நாளை தங்கள் சபைக்கும் இதுதானே என்று யோசித்தார்கள். அந்தச் செப்டம்பரில் பிலடெல்பியாவில் 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள்.