எல்.கே.ஜி. சேர்ந்த பையன் தினமும் அழுகிறான். சனி, ஞாயிறு வெளியே கூட்டிப்போவதை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

மூன்றரை வயசுப் பையன், ஜூனில் சேர்ந்தான், இன்னும் அழுகிறான், மாலுக்குக் கூட்டிப்போய் வந்தால் திங்கட்கிழமை இன்னும் மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் சரி. "வாராவாரம் ஊர் சுற்றிப் பழக்கிவிட்டீர்கள், அதனால்தான் வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறான்" என்று மிஸ் சொன்னதாகவும் ஒரு வரி இருக்கிறதே, அந்த வரிக்காகத்தான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை எனக்கும் சொன்னார்கள். பள்ளியிலும் சொன்னார்கள், வீட்டிலும் சொன்னார்கள். இத்தனைக்கும் என் மகள் பள்ளியில் ஏன் அழுகிறாள் என்பதை நாங்கள் கண்டுபிடித்ததே அந்த ஊர் சுற்றலில்தான்.

நான் குழந்தை மனநலம் படித்தவள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குன்னூரில் குடியிருக்கிறோம். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, எனக்கு ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. ஒரே பெண். அவள் எல்.கே.ஜி. சேர்ந்தது 2023-இல். இப்போது பெரிய மனுஷி என்று நினைப்பு, நான் வாசலில் நின்று கை காட்டினால்கூட வெட்கப்படுகிறாள். ஆனால் அந்த முதல் ஜூனை மறக்க முடியாது.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு மே மாதத்தைச் சொல்ல வேண்டும். மலையில் வீடு இருப்பவர்களுக்கு இது தெரியும். ஊட்டியில் மலர்க்கண்காட்சி நடக்கும் நேரத்துக்குக் கீழே இருந்து ஒரு வண்டி வரும். இறங்கினால் பாயும் தலையணையும் போதாது. சீசனில் லாட்ஜ் வாடகை எங்கேயோ போய்விடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எங்கள் இரண்டு அறை வீடு லாட்ஜ் ஆகிவிடுமா? என் நாத்தனார் குடும்பம் திருப்பூர். அவர்களோடு அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருக்கிறார்கள், நான் பொய் சொல்லவில்லை. மே கடைசியில் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி முடிந்த பிறகுதான் கிளம்புவார்கள். அந்த வருஷம் அப்போதும் கிளம்பவில்லை. ஜூன் 1 பள்ளி திறப்பு என்றிருந்ததை, வெயில் தாங்கவில்லை என்று 7-க்குத் தள்ளினார்கள். அப்புறம் 12. அதிலும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் 14. எங்கள் பள்ளி எல்.கே.ஜி.யையும் அந்தத் தேதியில்தான் திறந்தது. வெயில் உங்களுக்கு, இங்கே நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும், "அப்ப இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போறோம் அண்ணி" என்று நாத்தனார் சொல்வாள். நான் என்ன சொல்ல முடியும்.

குறை சொல்வது போலத் தோன்றும், குறைதான். ஆனால் உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் என் மகள் அத்தை பிள்ளைகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கினாள். தினமும் லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் என்று காட்சிமுனைகள், படகு, சோளம், ஐஸ்க்ரீம். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வீட்டில் சத்தம். பிறகு ஒரே நாளில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வீடு காலி. மறுநாள் அவளையும் வேனில் ஏற்றிவிட்டோம். அவள் அழாமல் என்ன செய்வாள்? அண்ணன், அக்காக்கள் போய்விட்டார்கள், இப்போது அம்மாவும் அனுப்பிவிட்டாள் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கும். உங்கள் பையனும் மே முழுக்கப் பாட்டி வீட்டில் இருந்துவிட்டு வந்தவனாக இருந்தால், அவன் அழுவது பள்ளியை நினைத்து மட்டும்தானா என்று ஒருமுறை யோசியுங்கள்.

சரி, ஊர் சுற்றலுக்கு வருகிறேன். விருந்தாளிகள் போன பிறகு நாங்கள் போனதெல்லாம் பக்கத்தில்தான். சனிக்கிழமை காலையில் சிம்ஸ் பூங்கா. 1874-இல் ஆரம்பித்த பூங்கா, சரிவிலேயே அமைந்தது. மேலே கேட்டில் நுழைந்தால் படிப்படியாகக் கீழே குளம் வரைக்கும் இறங்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்று வயசுக் காலுக்கு அது அரை நாள். ருத்ராட்ச மரத்துக்குக் கீழே உதிர்ந்த காய் பொறுக்கினால் இன்னும் கூட.

வீட்டில், "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு? மிஸ் என்ன சொன்னாங்க? யாராவது அடிச்சாங்களா?" என்று எத்தனை கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். போலீஸ் விசாரணை போல எதிரில் உட்கார வைத்துக் கேட்டால் பெரியவர்களே வாய் திறக்க மாட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தால் தானாக வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. தோட்டக்காரர் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இவள் அதைப் பார்த்துக்கொண்டே, "ஸ்கூல்ல எனக்கு உச்சா வராது" என்றாள். ஏன் பாப்பா என்றேன். "வந்தா ஆயா திட்டுவாங்க. ஸ்டாக்கிங் கழட்ட லேட்டாகுது."

அவ்வளவுதான் விஷயம். இங்கே ஜூன் மாதக் குளிரில் பிள்ளையை எப்படி அனுப்புவோம் என்று நினைக்கிறீர்கள்? உள்ளே தெர்மல், அதற்கு மேல் இறுக்கமான ஸ்டாக்கிங், பினபோர், ஸ்வெட்டர், மழை என்றால் ரெயின்கோட். இதை அவிழ்த்து மாட்டுவதற்குள் எனக்கே மூச்சு வாங்கும். வகுப்பு முழுக்க இதே கோலத்தில் பிள்ளைகள், ஆயா ஒருவர். அந்த ஆயாவை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் சம்பளத்துக்கு அது அதிக வேலை. ஆனால் என் மகள் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் பாட்டில் நிரம்பியபடி திரும்பி வந்ததற்கும் காரணம் அதுதான்.

திங்கட்கிழமை மிஸ்ஸிடம் பேசினேன். ஸ்டாக்கிங்குக்குப் பதிலாக எலாஸ்டிக் வைத்த கம்பளி பேன்ட், அவளே இறக்கி அவளே ஏற்றிக்கொள்ளும்படி. சீருடையில் அது இல்லை என்று முதலில் இழுத்தார்கள். நான் விடவில்லை. ஒரு வாரத்துக்குள் அழுகை பாதியாகக் குறைந்தது. அந்தப் பூங்காவுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து ரைம்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தால் இது எங்களுக்குத் தெரிந்திருக்குமா?

உங்கள் பையனுக்கும் இதே காரணம் என்று சொல்லவில்லை. வேறு ஏதாவது இருக்கும். பக்கத்தில் கடிக்கிற பையன் இருக்கலாம், டப்பா மூடி திறக்க வராமல் இருக்கலாம். அதை அவன் சொல்வதற்கு மால் சரிப்படாது. அங்கே சத்தமும் விளக்கும் அவனைப் பேச விடாது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு குளமோ, கோயில் பிராகாரமோ, ரயில் பாலமோ இருந்தால் போதும். வாராவாரம் அதே இடத்துக்குப் போங்கள். நமக்குத்தான் சலிக்கும், அவர்களுக்குச் சலிக்காது.

ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்று வயசுக்கு மணி பார்க்கத் தெரியாது. "மூணு மணிக்கு வந்துடுவேன்" என்று நாம் சொல்வது அவர்கள் காதில் வெறும் சத்தம். எங்களுக்குக் கைகொடுத்தது மலை ரயில். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி பத்தரை வாக்கில் குன்னூர் வரும். கல்லாரிலிருந்து இங்கே வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவில், இஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறப் பல் சட்டம் இருக்கும். ஏறும்போது நீராவி இஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளிக்கொண்டு வரும். இங்கே அதைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் மாட்டுவார்கள். சனிக்கிழமைகளில் அந்தக் காட்சியை நின்று பார்ப்போம், செலவே இல்லை. ஊட்டிக்குப் போன வண்டி மதியம் இரண்டு மணிக்கு அங்கே கிளம்பி மூன்றுக்கு மேல் திரும்பி வருவதையும் ஒருநாள் காட்டினேன். "காலையில போன வண்டி திரும்பி வந்துடுச்சு பாத்தியா? அது கூவினா அம்மா ஸ்கூலுக்குக் கிளம்பிட்டேன்னு அர்த்தம்." அவள் பள்ளிக்கு அந்தச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு வாசலில் "எப்ப வருவே?" என்ற அழுகை இல்லை. மழையில் மண் சரிந்து வண்டி நின்ற நாட்களில் மட்டும் சிக்கல். "ரயில் வரவேயில்ல, நீ எப்படி வந்தே?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்ப்பாள். உங்கள் ஊரில் ரயில் இல்லாவிட்டால் பாங்கு, சங்கு, பால்காரர், ஏதாவது ஒன்று இருக்கும்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கிளம்பி வருவார்கள் என்று தெரியும். "எங்க காலத்துல இப்படியெல்லாமா பார்த்தாங்க? தரதரன்னு இழுத்துட்டுப் போய் விட்டாங்க, நாங்க படிக்கலையா?" ஐயா, உங்கள் காலத்தில் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் அந்தப் பக்கக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துத்தான் சேர்த்தார்கள். தொட்டால் ஐந்து வயசு. மூன்றரை வயசுப் பிள்ளையைத் தொடச் சொல்லிப் பாருங்கள், உச்சந்தலையைத் தாண்டாது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். பணம் இருப்பவர்கள் பேச்சு இது என்றும் யாராவது சொல்லலாம். நான் சொன்னதில் எதற்குப் பணம் ஆகிறது? பூங்கா டிக்கெட் ஒன்றுதான், அதுவும் மாலில் ஒரு பாப்கார்ன் விலை வராது.

திங்கட்கிழமை மோசமாவதற்கு என் அனுபவத்தில் காரணம் ஞாயிறு ராத்திரிதான். நீங்கள் எட்டரை மணிக்கு மாலில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். பையன் பத்து மணிக்குக் காரில் தூங்கி, ஆறு மணிக்கு எழுப்பப்பட்டு, கண் எரிச்சலோடு வாசலில் நிற்கிறான். பெரியவர்களுக்கே அழுகை வரும். வெளியே போவதைச் சனிக்கிழமையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் வீடு. பையை அவனே அடுக்கட்டும், ஷூவை அவனே துடைக்கட்டும், எட்டு மணிக்குப் படுக்கை. அப்புறம், "அழாம போனா பார்க்குக்குக் கூட்டிப்போவேன்" என்று பேரம் பேசாதீர்கள். அழுதாலும் சனிக்கிழமை போகலாம் என்று இருக்கட்டும். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி நழுவுவதும் வேண்டாம்.

மிஸ்ஸிடம் ஒன்று கேளுங்கள்: அழுகை வாசலோடு நின்றுவிடுகிறதா, உள்ளேயும் தொடர்கிறதா? நீங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டு விளையாடுகிறான் என்றால் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. நாள் முழுக்க அழுகிறான், சாப்பிடவில்லை, தூக்கத்தில் அலறுகிறான் என்றால் என்னைப் போன்றவர்களின் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் போகும்போது மறுபடி ஒரு ஆட்டம் இருக்கும், பயப்படாதீர்கள். எங்களுக்கு அது மழை விடுமுறையில் வந்தது. தென்மேற்கு மழைக்குக் கூடலூர், பந்தலூர், ஊட்டி பக்கம் லீவு விடுவார்கள். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழையில்தான் முறை வரும். தொடர்ந்து லீவு விட்டதில் பழையபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், ஆனால் சீக்கிரம் அடங்கிவிட்டாள்.

கடைசியாக, அவனைச் சமாதானப்படுத்த அடுத்த மாதம் ஊட்டி கூட்டிவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நாளில் ஏறி இறங்குவதாக இருந்தால் வேண்டாம். மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் மட்டும் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுத்து வாடிப்போவார்கள், அது திங்கட்கிழமைக்கு ஆகாது. வருவதென்றால் மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு வரும்போது வாருங்கள். கடைசி நாளை வீட்டுக்கு விட்டுவிடுங்கள். 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) கட்டாயம், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். சொந்தக்காரர் வீடு இருந்தாலும் ஒரு ரூம் போட்டுக்கொள்ளுங்கள், இது என் தனிப்பட்ட வேண்டுகோள். இறங்கும்போது வழியில் பர்லியாரில் மங்குஸ்தான் பழம் இருந்தால் பையனுக்கு வாங்கிக்கொடுங்கள். விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், குரங்கு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள்.